பழைய சொற்செயலியும் புதிய தரவுத்தளமும்: அஞ்சல் இணைப்பில் நேரும் பிழைகளும் அவற்றைத் தவிர்க்கும் முறையும்

ஒரே செய்தியை நூற்றுக்கணக்கானவர்களுக்கு, அவரவர் பெயரையும் விலாசத்தையும் இட்டுத் தனித்தனியே அனுப்ப வேண்டிய தேவை எந்தக் காரியாலயத்துக்கும் நேருவதாகும். கணிப்பொறி தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இதற்கென யந்திரங்கள் இருந்தன. அமெரிக்காவில் 1890-களில் தோன்றிப் பின்னர் உலகெங்கும் பரவிய அட்ரஸோகிராஃப் என்னும் யந்திரத்தில், ஒவ்வொருவருடைய விலாசமும் ஒரு சிறு உலோகத் தகட்டில் புடைப்பெழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும். தகடுகளை வரிசையாகச் செலுத்தினால் உறைகளின்மீது விலாசங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்துகொண்டே வரும். ஒருவர் வீடு மாறினால் அவருடைய தகட்டை மட்டும் எடுத்து மாற்றினால் போதும்; மற்றத் தகடுகளைத் தொட வேண்டியதில்லை.

இன்று மெயில் மெர்ஜ் என்று வழங்கும் அஞ்சல் இணைப்பும் இதே தத்துவத்தில் அமைந்ததேயாகும். கடிதத்தின் வாசகம் ஓரிடத்தில் இருக்கிறது. பெயர், விலாசம், தேதி, தொகை முதலியன வேறோரிடத்தில் பட்டியலாக இருக்கின்றன. கடிதத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் அடையாளம் மட்டும் இடப்பட்டிருக்கும். கல்யாணப் பத்திரிகை ஒரே அச்சாக இருக்க, உறையின்மேல் மட்டும் ஒவ்வொரு பெயராக எழுதுகிறோமல்லவா, அவ்வேலையையே யந்திரம் செய்கிறது. வாசகத்தைத் தயாரிக்கும் கருவி சொற்செயலி. பட்டியலைக் காத்து வைக்கும் கருவி தரவுத்தளம். இவ்விரண்டும் ஒரே காலத்தில் செய்யப்பட்டவையாயின் அவற்றிடையே தகராறு அநேகமாக எழுவதில்லை. ஒன்று பழையதாகவும் மற்றொன்று புதியதாகவும் இருக்கும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. அந்த இடர்ப்பாடுகளில் கண்ணுக்குத் தெரிபவை எளிதில் நீங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாதவையே காரியத்தைக் கெடுப்பவை.

அந்தமான் நிகோபார்த் தீவுகளில் இவ்விஷயத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்ந்தவர் ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுள் வங்காளி பேசுவோர் நூற்றுக்கு 28 பேர், இந்தி பேசுவோர் 19 பேர், தமிழர் 15 பேர், தெலுங்கர் 13 பேர். ஆகவே ஒரே பட்டியலில் நாலைந்து மொழியினரின் பெயர்கள் கலந்து நிற்கும். ஊர்ப் பெயர்களும் மாறியிருக்கின்றன. 2018 டிசம்பர் 30-ஆம் தேதி ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவு எனவும், நீல் தீவு ஷஹீத் தீவு எனவும் பெயர் பெற்றன. 2024 செப்டம்பரில் தலைநகரான போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. விலாசங்கள் தரவுத்தளத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் இத்தகைய மாற்றத்தை ஒரே கட்டளையில் செய்துவிடலாம். பழைய கடிதங்களுக்குள்ளேயே விலாசங்கள் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தால் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த நேரிடும். பழைய சொற்செயலியை வைத்துக்கொண்டிருக்கும் காரியாலயங்களும் பட்டியலைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொள்வதற்கு இதுவே பெருங்காரணம்.

தெற்கு அந்தமானில், தலைநகரை அடுத்துள்ள புரோத்ராபூரில், நான் அறிந்த ஒரு சிறு காரியாலயத்தில் நிகழ்ந்ததை இங்கே கூறுவது பொருந்தும். சென்னையிலிருந்து வரும் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி 2020 ஆகஸ்டு 10-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கம்பி வருவதற்கு முன், இத்தீவுகள் இணையத் தொடர்புக்குச் செயற்கைக் கோள்களையே நம்பியிருந்தன. பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்வது அந்நாளில் அரை நாள் வேலை. இக்காரியாலயத்தில் கடிதங்கள் வேர்டு 2003 என்னும் சொற்செயலியில் இருந்தன. பட்டியலோ ஆக்ஸஸ் 2007 என்னும் தரவுத்தளத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. இரண்டையும் இணைப்பதற்கு வேண்டிய இயக்கியைச் சென்னைக்குச் சென்றுவந்த ஒருவர் கையோடு கொண்டுவந்தார். இணைப்பும் ஏற்பட்டது. சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்காக ஜூன் 5 முதல் 16 வரை நாளுக்குச் சிலராக வருமாறு மே மாத நடுவில் கடிதங்கள் அச்சிடப்பட்டன. பெயர்கள் சரியாக இருந்தன. விலாசங்கள் சரியாக இருந்தன. எல்லோரும் மகிழ்ந்தனர்.

தபால்களை உறையிட்டுக்கொண்டிருந்த ஊழியர்தாம், ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, "பதின்மூன்றாவது மாதம் எப்போது ஸார் வருகிறது?" என்று கேட்டார். கடிதத்தில் 6/13 என்று தேதி அச்சாகியிருந்தது. ஜூன் 13 என்பதை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னுமாக யந்திரம் எழுதிவிட்டது. 13 முதல் 16 வரையுள்ள நாட்களின் கடிதங்கள் இவ்வாறு தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தன. ஆனால் அவற்றுக்கு முந்தியவை அவ்வாறு காட்டிக்கொடுக்கவில்லை. ஜூன் 5 என்பது 6/5 என்றாகி, நம் வழக்கப்படி மே 6 எனப் படிக்கப்படும். கடிதம் கிடைக்குமுன் அந்நாள் கழிந்துவிட்டிருக்கும். ஜூன் 7 என்பது ஜூலை 6 ஆகும். அதைப் பெறுபவர் ஒரு மாதம் தாமதித்து வந்து நிற்பார். ஜூன் 12 என்பது டிசம்பர் 6 ஆகிவிடும். ஜூன் 6 ஒன்றுதான் எப்படிப் படித்தாலும் ஜூன் 6.

கேம்ப்பெல் பே போன்ற தென்கோடி ஊர்களுக்குரிய கட்டு அதற்குள் கப்பலுக்குப் போய்விட்டது. அவ்வூர் தலைநகரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிரேட் நிகோபார்த் தீவில் இருக்கிறது. அங்கிருந்து வருபவர் கப்பல் உள்ள நாளைப் பார்த்து, சீட்டு வாங்கி, காற்றும் அலையும் இடங்கொடுத்தால் வந்து சேரவேண்டும். தேதி தவறிய ஒரு கடிதத்தால் நகரத்துக்காரருக்கு ஒரு பேருந்துக் கட்டணம் நஷ்டம்; தீவுக்காரருக்குப் பல நாட்கள் நஷ்டம். அவ்வூர்க்காரர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி, மறு கடிதமும் அனுப்பிய பிறகுதான் அந்த விஷயம் ஓய்ந்தது.

இப்பிழை எங்கிருந்து வந்தது? வேர்டு 2002-க்கு முற்பட்ட சொற்செயலிகள், ஆக்ஸஸ் பட்டியலை டி.டி.இ. என்னும் முறையில் பெற்றன. அம்முறையில் ஆக்ஸஸ் தானே திறந்து நின்று, தான் திரையில் காட்டுகிறபடியே ஒவ்வொரு மதிப்பையும் எழுத்தாக எழுதிக் கொடுக்கும். 05/06 என்று அது காட்டினால் கடிதத்திலும் 05/06 என்றே வரும். வேர்டு 2002 முதல் ஓ.எல்.இ. டி.பி. என்னும் முறையே இயல்பான முறையாக ஆக்கப்பட்டது. இதில் ஆக்ஸஸ் திறக்கப்படுவதில்லை. இயக்கி மட்டும் கோப்புக்குள் சென்று, அங்குள்ள கச்சா மதிப்பை எடுத்து வருகிறது. தரவுத்தளத்தினுள் தேதி என்பது எழுத்தன்று, ஓர் எண். அதை எந்த வரிசையில் எழுதவேண்டும் என்ற குறிப்பு ஆக்ஸஸின் திரை அமைப்பில் இருக்கிறதேயன்றி எண்ணோடு கூடச் செல்வதில்லை. ஆகவே அது அமெரிக்க வரிசையில் எழுதப்பட்டுவிடுகிறது.

இதன் அபாயத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஆண்டில் ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையுள்ள தேதிகளே மாதமாகவும் படிக்கத்தக்கவை. அவை 12 மாதங்களுக்கு 144. அவற்றுள் நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவை 12. எஞ்சிய 132 நாட்கள், அதாவது ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நாட்கள், வேறொரு நாளாக மாறி நின்றும் பார்ப்பவருக்குப் பிழையாகத் தோன்றாதவை. மேற்கூறிய காரியாலயத்தில் அந்த விசாரணை நாட்கள் ஜூன் 12-க்குள் முடிவதாக இருந்திருந்தால் ஒரு கடிதம்கூடச் சந்தேகத்தை எழுப்பியிராது.

தொகைகளுக்கும் இதே கதிதான். தரவுத்தளத்தில் காற்புள்ளியுடனும் இரண்டு தசம இடங்களுடனும் காட்சியளிக்கும் தொகை, கடிதத்தில் காற்புள்ளி இழந்து, இறுதிப் பூஜ்யமும் இழந்து வரும். பின்னங்களை இரட்டை எண் முறையில் சேமித்திருந்தால், தசமப் புள்ளிக்குப் பின் ஒன்பதுகளாக நீண்ட ஒரு வால் முளைத்து நிற்பதும் உண்டு. இது பார்த்தவுடன் தெரியும் பிழையாகையால் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை.

இணைப்பு ஏற்படாமல் போவதற்குரிய காரணத்தையும் கூறவேண்டும். ஆக்ஸஸ் 2003 வரையில் தரவுத்தளக் கோப்பு எம்.டி.பி. என்னும் அமைப்பில் இருந்தது; ஜெட் என்னும் இயக்கி அதைப் படித்தது. ஆக்ஸஸ் 2007 புதிதாக ஏ.சி.சி.டி.பி. என்னும் அமைப்பைக் கொண்டுவந்தது. ஒரே புலத்தில் பல மதிப்புகளை வைப்பதற்கும், படங்களையும் கோப்புகளையும் பட்டியலோடு சேர்த்து வைப்பதற்கும் அதில் வசதி உண்டு. இதை ஜெட் இயக்கியால் படிக்க முடியாது. ஏஸ் என்னும் புதிய இயக்கி வேண்டும். வேர்டு 2003-க்கு அவ்வியக்கியைப்பற்றித் தெரியாது. இயக்கியைத் தனியே நிறுவிய பிறகும், தரவு மூலத்தைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தில் புதிய கோப்பை நேராகச் சுட்டுவதைவிட, 'புதிய மூலம்' என்பதற்குள் சென்று ஏஸ் இயக்கியைப் பெயர் குறித்துத் தேர்ந்தெடுத்தலே உறுதியான வழி. வேர்டு 2003 என்பது 32 பிட் நிரல். ஆகவே இயக்கியும் 32 பிட்டாகவே இருக்கவேண்டும். யந்திரம் 64 பிட் ஆயிற்றே என்று 64 பிட் இயக்கியை நிறுவினால் வேர்டு அதைக் காணாது.

இவ்வளவும் செய்து இணைத்த பின்னரும் சில வினவல்கள் பட்டியலில் தோன்றாமல் போவதும், தோன்றியும் வெறுமையாக இருப்பதும் உண்டு. ஆக்ஸஸுக்குள் 'புரோத்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களைத் தேட நட்சத்திரக் குறியை இடுகிறோம். ஓ.எல்.இ. டி.பி. வழியில் நட்சத்திரக் குறிக்கு அப்பொருள் கிடையாது. அங்கு சதவீதக் குறியே வேண்டும். எனவே ஆக்ஸஸில் இருநூறு பேரைக் காட்டிய வினவல் வேர்டில் ஒருவரையும் காட்டாது. வெற்றிடத்தை நிரப்ப ஆக்ஸஸ் தரும் என்ஸெட் என்னும் சார்பும், காரியாலயத்தார் தாமே எழுதிக்கொண்ட சார்புகளும் ஆக்ஸஸுக்கு வெளியே இயங்குவதில்லை. இயங்கும்போது கேள்வி கேட்டு விடை பெறும் வினவல்களும் அவ்வாறே. நீண்ட குறிப்புகளைக் கொண்ட புலத்தை, இரட்டிப்புகளை நீக்கும் வினவலில் சேர்த்தால், 255 எழுத்துக்கு மேற்பட்டது வெட்டப்பட்டுவிடும். அங்கும் யந்திரம் எச்சரிக்கை தருவதில்லை.

தேதி கெடாமல் இருப்பதற்குப் பழைய டி.டி.இ. முறைக்கே திரும்பிவிடலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வேர்டு 2003-லும், திறக்கும்போது மாற்றத்தை உறுதிசெய்யுமாறு அமைத்துக்கொண்டால், அம்முறையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் கடிதம் எழுதுவோர் பலர் அவ்வாறே செய்துவந்தனர். ஆனால் நமக்கு அது உதவாது. டி.டி.இ. முறை யூனிகோடு எழுத்துகளைச் சுமப்பதில்லை. விண்டோஸில் ஐரோப்பிய மொழிகளுக்கும் அரபு, ஹீப்ரு, தாய் முதலியவற்றுக்கும் பழைய ஒற்றை பைட்டுக் குறியீட்டுப் பக்கங்கள் இருந்தன. தமிழுக்கோ இந்திக்கோ வங்காளிக்கோ அத்தகைய பக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோது நேரே யூனிகோடாகவே வந்தது. ஆகவே பழைய குறியீட்டு வழியாகச் செல்லும் எந்தத் தமிழ்ப் பெயரும் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியாக மாறிவிடும். ஆங்கிலம் எழுதுபவருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. தமிழில் எழுதுபவருக்கோ ஒரு வழியில் பெயர் கெடுகிறது, மறு வழியில் தேதி கெடுகிறது. பெயர் கெட்டால் உடனே தெரியும். தேதி கெட்டால் தெரியாது. அதனால்தான் நம் காரியாலயங்களில் இரண்டாவது பிழை மிகுதியாகத் தப்பிச் செல்கிறது.

தமிழ் எழுத்துருக்களைப்பற்றியும் ஒரு வார்த்தை. யூனிகோடுக்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருந்தன. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்ட கடித வாசகங்கள் இன்னமும் பழைய எழுத்துருக்களிலேயே பல இடங்களில் இருக்கின்றன. அத்தகைய வாசகத்துக்குள் தரவுத்தளத்திலிருந்து யூனிகோடுப் பெயர் வந்து விழுந்தால், வேர்டு அதற்குத் தகுந்த வேறு எழுத்துருவைத் தானே தேடிக் காட்டும். கடிதம் இரு கையெழுத்தில் எழுதியதுபோல் தோன்றுமேயன்றிப் படிக்க முடியும். ஆனால் பழைய பட்டியலைக் குறியேற்றம் மாற்றாமல் புதிய தரவுத்தளத்தில் கொட்டியிருந்தால், யந்திரத்தின் பார்வையில் அவை ஆங்கில எழுத்துக் குவியலே. அகர வரிசை வராது. பெயரைத் தேடினால் கிடைக்காது. மூலக் கடிதத்தை யூனிகோடுக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை. பட்டியலை மாற்றுவது சில வாரங்கள் வேலை. மாற்றிய ஒவ்வொரு பெயரையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டியிருப்பதே காரணம். மொழிபெயர்ப்பாளனாகிய என் அநுபவத்தில், பட்டியலை முதலில் மாற்றுவதே மேல்.

ஆயின் செய்யவேண்டுவது யாது? தேதிக்கு வேர்டிலேயே ஒரு பரிகாரம் சொல்லப்படுவதுண்டு. கடிதத்திலுள்ள புலக் குறியீட்டின் இறுதியில் பின்சாய்வுக் கோடும் 'அட்' குறியும் இட்டு, அதன்பின் மேற்கோளுக்குள் நாளுக்கு 'டி' எழுத்து இரண்டு, மாதத்துக்கு 'எம்' எழுத்து இரண்டு, ஆண்டுக்கு 'ஒய்' எழுத்து நான்கு என எழுதுதல் அது. 'எம்' பெரிய எழுத்தாக இருக்கவேண்டும். சிறிய எழுத்து நிமிஷத்தைக் குறிக்குமாதலால் மாதத்தின் இடத்தில் பூஜ்யங்கள் வந்து நிற்கும். இப்பரிகாரம் பெரும்பாலும் பலிக்கிறது. எனினும் யந்திரத்தின் வட்டார அமைப்பைப் பொறுத்து நாளும் மாதமும் சில வேளை இடம் மாறக் காண்பதால், இதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

இதைவிட உறுதியான வழி, வெகு பழையதொரு வழியேயாகும். 1978-இல் வெளிவந்த வேர்டுஸ்டார் சொற்செயலிக்கு மெயில்மெர்ஜ் என்னும் துணைக் கருவி தனியே விற்கப்பட்டது. அதே காலத்தில் பரவிய டிபேஸ் தரவுத்தளத்தை அது நேராகத் திறந்து படிக்கவில்லை. டிபேஸ் தன் பட்டியலைக் காற்புள்ளியிட்ட வெறும் எழுத்துக் கோப்பாக எழுதி வைக்கும். வேர்டுஸ்டார் அக்கோப்பை வரி வரியாகப் படித்துக்கொள்ளும். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்று நடுவில் இருந்ததனால், ஒருவர் மாறினாலும் மற்றவர் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பழைய சொற்செயலியையும் புதிய தரவுத்தளத்தையும் இணைக்க முயலும் இன்றைய காரியாலயத்துக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன். நேரடி இணைப்பின் கவர்ச்சி என்னவெனில் பட்டியல் மாறியவுடன் கடிதமும் மாறும் என்பது. மாதம் ஒரு முறை கடிதம் அனுப்பும் காரியாலயத்துக்கு அக்கவர்ச்சியால் பெரும் பயன் இல்லை.

முதலில் ஆக்ஸஸுக்குள்ளேயே ஒரு வினவலைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். அதில் தேதிப் புலத்தை அப்படியே வைக்காமல், வடிவமைக்கும் சார்பின் மூலம் எழுத்தாக மாற்றிவிட வேண்டும். '05-06' என்று எண்ணாக எழுதுவதிலும் '5 ஜூன்' என்று மாதப் பெயரோடு எழுதுவதே சிறந்தது. அதை எந்த யந்திரமும் எந்த மனிதரும் தவறாகப் படிக்க முடியாது. பன்னிரண்டு மாதங்களின் தமிழ்ப் பெயர்களையும் இந்திப் பெயர்களையும் ஒரு சிறு அட்டவணையாக வைத்து, மாத எண்ணோடு பொருத்திக்கொண்டால், அவரவர் மொழிக் கடிதத்தில் அவ்வம்மொழி மாதப் பெயரே வரும். தொகையையும் இங்கேயே எழுத்தாக்கிவிடலாம். நட்சத்திரக் குறி, என்ஸெட், சொந்தச் சார்புகள் முதலியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்; வினவல் ஆக்ஸஸுக்குள்ளேயே நடைபெறுவதால் தடை இல்லை.

பிறகு அவ்வினவலை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்யவேண்டும். புலங்களைப் பிரிப்பதற்குக் காற்புள்ளியைக் காட்டிலும் டேப் குறி நல்லது. நம் விலாசங்களில் காற்புள்ளி இல்லாத வரி அபூர்வம். விலாசம் முழுவதையும் ஒரே புலத்தில் வைத்து இடையில் வரி முறித்திருந்தால், எழுத்துக் கோப்பில் ஒருவர் இருவராகப் பிரிந்துவிடுவார். ஆகவே வீடு, தெரு, ஊர், தீவு, அஞ்சல் குறியீட்டெண் என்று தனித்தனிப் புலங்களாக முன்பே பிரித்திருக்க வேண்டும். ஏற்றுமதிச் சாளரத்தின் மேம்பட்ட அமைப்பில் குறியீட்டுப் பக்கம் எது என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. கவனிக்காமல் விட்டால் அது மேற்கு ஐரோப்பியப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர்கள் அங்கேயே கேள்விக்குறிகளாகிவிடும். அவ்விடத்தில் யூ.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தல் அவசியம்.

இக்கோப்பை வேர்டு 2003-இல் திறக்கும்போது, அதுவும் குறியேற்றத்தைக் கேட்கலாம், யூ.டி.எஃப்-8 என்றே விடையளிக்க வேண்டும். திறந்தபின் அதை அட்டவணையாக மாற்றி, வேர்டு ஆவணமாகவே சேமித்து, அந்த ஆவணத்தைத் தரவு மூலமாகக் கொள்ளலாம். முதல் வரிசையில் புலங்களின் பெயர்கள் இருக்கவேண்டும். வேர்டு அட்டவணையில் 63 நெடுவரிசைகளுக்கு மேல் இடமில்லை. சாதாரணக் கடிதத்துக்கு இருபதே மிகுதி. இம்முறையில் இயக்கி வேண்டாம். 32 பிட், 64 பிட் என்ற ஆராய்ச்சி வேண்டாம். தரவுத்தளம் இருக்கும் யந்திரமும் கடிதம் அச்சாகும் யந்திரமும் ஒரே வலையில் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. இக்கடைசி வசதி சிறிதன்று. வேர்டு 2003-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடும், 2007-ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு வருவது 2017 அக்டோபர் 10-ஆம் தேதியோடும் நின்றுவிட்டன. பழைய சொற்செயலியை விடமுடியாத காரியாலயம், அதை இணையத் தொடர்பு இல்லாத யந்திரத்தில் வைத்திருப்பதே விவேகம். எழுத்துக் கோப்பு ஒன்றை அந்த யந்திரத்துக்குக் கொண்டு செல்வது சுலபம்.

தரவுத்தளம் ஆக்ஸஸாக இல்லாமல் மையெஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற பெரிய வகையாக இருப்பின், எழுத்துக் கோப்பு முறையில் மாறுதல் எதுவும் இல்லை. நேரடியாகவே இணைக்க விரும்புவோர் ஓ.டி.பி.சி. இயக்கியை நிறுவவேண்டும். அவ்வியக்கிகள் ஆன்ஸி, யூனிகோடு என்று இரு வகையாகக் கிடைக்கும். தமிழுக்கு யூனிகோடு வகையே ஏற்றது. 64 பிட் விண்டோஸில் ஓ.டி.பி.சி. நிர்வாகக் கருவி இரண்டு உண்டு. இரண்டும் ஒரே கோப்புப் பெயருடையவை, இருக்கும் உறைகளே வேறு. 32 பிட் கருவியின் மூலம் அமைத்த இணைப்பே பழைய சொற்செயலிக்கு உதவும்.

பெயர்களைப்பற்றி ஒன்று கூறாமல் விடுவதற்கில்லை. பெரும்பாலான தரவுத்தளங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு புலங்களை வைத்திருக்கின்றன. நம்மவர் படிவத்தை நிரப்பும்போது குடும்பப்பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயரை எழுதிவிடுகின்றனர். வேர்டு தானே தயாரித்துத் தரும் விளி வரியோ குடும்பப்பெயரையே எடுத்து விளிக்கும். அதன் பயனாக மகனுக்கு எழுதிய கடிதம் தந்தையை மரியாதையோடு அழைத்து நிற்கும். தந்தை காலமாகியிருந்தால் அக்கடிதம் அந்த வீட்டில் எவ்வாறு படிக்கப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பெழுத்தும் பெயரும் சேர்ந்த ஒரு புலத்தை வினவலிலேயே அமைத்து, 'அன்புடையீர்' என்ற பொது விளியைக் கடிதத்தில் நிலையாக எழுதிவிடுவது நலம்.

அச்சிடுமுன் பார்க்கவேண்டிய மாதிரிகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? முதல் ஐந்து கடிதங்களைப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது. அகர வரிசையில் முதல் ஐந்து பேரும் ஒரே மாதிரியானவர்களாக இருந்துவிடக் கூடும். அதற்குப் பதிலாக, பட்டியலின் தொடக்கத்தில் கற்பனையான நாலு பதிவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றில் 7 ஜூன் போல மாறிப் படிக்கத்தக்க தேதியும், ஒன்றில் 25 ஜூன் போல மாறிப் படிக்க முடியாத தேதியும் இருக்கட்டும். மூன்றாவதில் 'ஸ்ரீ', 'க்ஷ' முதலிய கூட்டெழுத்துகளும் கொம்பு, கால் முதலியனவும் நிறைந்த நீண்டதொரு தமிழ்ப் பெயரும், அதனடியில் ஓர் இந்திப் பெயரும் அமையட்டும். நான்காவதில் தெருப்பெயர் வெறுமையாகவும், தொகையில் பைசாவும் இருக்கட்டும். இந்நான்கு கடிதங்களையும் காகிதத்தில் அச்சிட்டு, பட்டியலைத் தயாரித்தவர் அல்லாத வேறொருவரிடம், முடிந்தால் உறையிடும் ஊழியரிடமே, படிக்கக் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு தேதியையும் வாய்விட்டு மாதப் பெயரோடு சொல்லட்டும். அது தரவுத்தளத்திலுள்ள தேதியோடு ஒத்திருந்தால், கற்பனைப் பதிவுகளை நீக்கிவிட்டு மற்றவற்றை அச்சிடலாம்.